ரசிகர்கள் கூடும் இடத்தில் நம் நடத்தை

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் இரண்டு வாரத்துக்கு முன்னால் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும்ப்பா, தலைப்பு உன் இஷ்டம்" என்றார். உடனே, "பம்ப் பற்றி மட்டும் வேண்டாம்" என்றும் சேர்த்துக்கொண்டார். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பம்ப் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன் நான். எங்கே போனாலும் தண்ணீர், அழுத்தம், குழாய் என்றுதான் பேச்சு போகும் என்பது அவருக்குத் தெரியும்.

தலைப்பை எனக்குக் கொடுத்தது நம் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர். "அண்ணா, நாங்க எட்டு பேர் சென்னைக்கு காமிக் கான் போறோம். அங்க எப்படி நடந்துக்கணும்? ஏதாச்சும் விதிமுறை இருக்கா?" என்று கேட்டார். பெரியவர்கள் சிரிக்கலாம். கோயிலுக்குப் போவதற்கு விதிமுறை உண்டு, கல்யாணத்துக்கு உண்டு, கூத்துக்கும் சினிமாவுக்கும் எதற்கப்பா? நானும் முதலில் சிரித்தேன். பிறகு ஒரு பழைய ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுபோனது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இன்று நான் பேச எழுந்ததே அதற்காகத்தான்.

ரசிகர் மாநாடு என்றால் என்ன?

ஒரே கதையை, ஒரே நடிகரை, ஒரே பாட்டுக்காரரை நேசிக்கிறவர்கள் ஓரிடத்தில் கூடுவதுதான் ரசிகர் மாநாடு. வெளிநாட்டில் இதைக் கன்வென்ஷன் என்கிறார்கள். 1939-ல் நியூயார்க்கில் அறிவியல் கதை வாசகர்கள் கூடிய உலக மாநாடுதான் இன்று பல பேர் முதலில் சொல்லும் உதாரணம். சுமார் இருநூறு பேர் வந்தார்கள். கதையில் வரும் எதிர்கால மனிதர்களைப் போல உடையணிந்து இரண்டு பேர் வந்தார்கள். இன்று காஸ்ப்ளே என்று சொல்லும் வேடம் போடும் பழக்கத்துக்கு அதையே தொடக்கமாகச் சொல்வார்கள். அதே மாநாட்டில் உள்சண்டையும் வந்து, ஆறு ரசிகர்களை வாசலிலேயே நிறுத்தி உள்ளே விடாமல் அனுப்பிவிட்டார்கள். ஆக, ரசிகர் மாநாடு எவ்வளவு பழையதோ, 'யாரை உள்ளே விடுவது' என்ற தகராறும் அவ்வளவு பழையது.

1970-ல் சான் டியாகோவில் காமிக் கான் தொடங்கியது. 1975-ல் டோக்கியோவில் காமிக்கெட் என்ற சந்தை தொடங்கியது. நம் நாட்டில் 2011-ல் டெல்லியில் காமிக் கான் வந்தது. சென்னைக்கு 2024 பிப்ரவரியில்தான் வந்தது.

ஆனால் நமக்கு இது புதிது இல்லை. ரசிகர் மன்றம் என்ற சொல்லைத் தமிழனுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. எம்.ஜி.ஆர். காலம் தொட்டு ஊருக்கு ஊர் மன்றம் வைத்து, பலகை மாட்டி, தலைவர், செயலாளர், பொருளாளர் போட்டவர்கள் நாம். 2017-ல் ரஜினிகாந்த் கோடம்பாக்கம் ராகவேந்திரா மண்டபத்தில் மாவட்டவாரியாக ரசிகர்களை வரவழைத்துப் படம் எடுத்துக்கொண்டாரே, அதுவும் ஒரு ரசிகர் மாநாடுதான். சத்தமில்லாமல் நடக்கும் இன்னொன்றும் உண்டு. சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து காமிக்ஸ் 1972-ல் தொடங்கியது. லயன் காமிக்ஸ் 1984-ல் வந்தது. இரும்புக்கை மாயாவியையும் டெக்ஸ் வில்லரையும் படித்து வளர்ந்தவர்கள், இப்போது தலை நரைத்த வயதில், ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் கூடி ஒரு நாள் முழுக்கப் பேசிக் கலைகிறார்கள். கட் அவுட் கிடையாது, பட்டாசு கிடையாது. பேச்சும் டீயும் புத்தகமும்தான்.

எங்கள் மலையிலிருந்து ஒரு உதாரணம்

நான் கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டைச் சேர்ந்தவன். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால்தான் எங்கள் மலை. ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். அரசு விழா. வில்வித்தைப் போட்டி, மலர்க் கண்காட்சி எல்லாம் இருக்கும். சின்ன வயதில் எங்களுக்கு ஓரி என்றால் குதிரைமேல் இருக்கிற ஒரு சிலை, அவ்வளவுதான்.

இந்தக் கல்லூரிக்கு வந்தபிறகுதான், நம் தமிழ்ப் பேராசிரியர் புறநானூற்றில் 152-ஆம் பாட்டை எனக்குச் சொன்னார். வன்பரணர் பாடியது. பாணர் கூட்டம் ஒன்று காட்டில் வேடன் ஒருவனைப் பார்க்கிறது. ஒரே அம்பில் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்துவிட்டான். இவன் வெறும் வேடன் இல்லை என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. முறைப்படி யாழையும் முழவையும் எடுத்து, துறை துறையாகப் பாடி, கடைசியில் 'கோ' என்று சொல்கிறார்கள். அது தன்னைக் குறிப்பதால் அவன் வெட்கப்படுகிறான். அவர்கள் மேலும் புகழ வாயெடுக்க, அவன் பேசவிடவில்லை. வேட்டையில் கிடைத்த மான் கறியையும், தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறான்.

இதைவிட நல்ல ரசிகர் சந்திப்பு எனக்குத் தெரியாது. ரசிகர்கள் மேலே விழவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. தங்கள் கலையைக் காட்டி மரியாதை செய்தார்கள். புகழப்பட்டவனோ புகழ்ச்சியைக் கேட்டு நாணினான், வந்தவர்களைப் பசியோடு அனுப்பவில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரு அளவு தெரிந்திருந்தது. நான் சொல்ல வந்த மரியாதை முழுவதும் இந்த 'அளவு' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

முதல் மரியாதை: தள்ளாதே

செயலாளர் மன்னிக்கவேண்டும், இப்போது கொஞ்சம் பம்ப் பற்றிப் பேசத்தான் வேண்டியிருக்கிறது.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் இரண்டு மூன்று பேர் நின்றால் ஒருவரையொருவர் இடிக்காமல் நகரலாம். நான்கு ஐந்து பேர் என்றால் நெருக்கடி. ஆறு ஏழு பேர் ஆகிவிட்டால் அது மனிதக் கூட்டம் இல்லை, திரவம். உங்கள் கால் உங்கள் சொல்லைக் கேட்காது. அலை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நீங்களும் போவீர்கள். பின்வரிசையில் நிற்கிறவன் "சும்மா லேசாத்தான் தள்ளினேன்" என்பான். அவனுக்கு முன்னால் இருபது வரிசை. ஒவ்வொரு வரிசையும் லேசாகத் தள்ளினால், அத்தனை லேசும் சேர்ந்து முன்வரிசைக் குழந்தையின் நெஞ்சில் இறங்கும். குழாயில் ஒரு முனையில் கொடுத்த அழுத்தம் மறுமுனையில் தெரிகிற மாதிரிதான்.

கூட்ட நெரிசலில் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலானவர்கள் நின்ற நிலையிலேயே மூச்சுவிட முடியாமல் இறக்கிறார்கள். நெஞ்சு விரிய இடம் இல்லை. 2022 அக்டோபர் 29 அன்று தென்கொரியாவில் இட்டேவோன் என்ற இடத்தில் ஒரு குறுகிய சந்தில் 159 பேர் இறந்ததும் இப்படித்தான்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். 2024 டிசம்பர் 4 இரவு ஐதராபாத் சந்தியா தியேட்டரில் 'புஷ்பா 2' சிறப்புக் காட்சிக்கு குடும்பத்தோடு வந்த ஒரு தாய் இறந்தார். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரில் கிரிக்கெட் வெற்றியைக் கொண்டாட வந்தவர்களில் 11 பேர் இறந்தார்கள். 2025 செப்டம்பர் 27 அன்று, நடிகர் விஜய் தம் கட்சிப் பிரசாரத்துக்கு நாமக்கல்லுக்கு வந்துவிட்டுக் கரூருக்குப் போன நாளில், கரூரில் 41 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் பெண்களும் அதில் உண்டு. அது அரசியல் கூட்டம். ஆனால் அவரை ஒருமுறை கண்ணால் பார்க்கவேண்டும் என்று வந்தவர்களும் அதில் நிறைய. யார் பொறுப்பு என்று நான் பேச வரவில்லை. உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்ட விஷயம் அது. நான் கேட்பது வேறு. நாமும் அதே மாதிரிக் கூட்டங்களில் நின்றவர்கள்தானே? நம்மில் தள்ளாதவர் யார்?

எனவே மாணவர்களே, இதை மரியாதை என்று மட்டும் நினைக்காதீர்கள், உயிர் என்று நினையுங்கள். உள்ளே நுழைந்ததும் வெளியே போகும் வழி எங்கே என்று பாருங்கள். நெருக்கடி கூடுவதாகத் தோன்றினால், கூச்சப்படாமல் முன்கூட்டியே ஓரமாக நகர்ந்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் பண்ணிக்கொள்ளுங்கள். அலையை எதிர்த்து முட்டாதீர்கள். அலை ஓயும்போது குறுக்குவாட்டில் ஓரத்தை நோக்கி நகருங்கள். செல்போன் கீழே விழுந்தால் விட்டுவிடுங்கள், குனியாதீர்கள். யாராவது விழுந்தால் நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்துங்கள். அப்புறம் எந்தச் சூழ்நிலையிலும் மரத்தில், லாரியில், கட் அவுட் கம்பத்தில் ஏறாதீர்கள். 2023 பொங்கல் சமயத்தில் சென்னையில் ஒரு 19 வயதுப் பையன் படம் வந்த சந்தோஷத்தில் லாரிமேல் ஆடி, இறங்கும்போது விழுந்து இறந்துபோனான். எந்தப் படமும் இரண்டாம் நாளும் ஓடும்.

வேடம் போட்டவர் பொம்மை இல்லை

காமிக் கானில் கதாபாத்திரமாக வேடம் போட்டு வருவார்கள். மாதக்கணக்கில் அட்டையும் ஃபோமும் வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்துத் தயார் செய்த உடையாக இருக்கும். பார்த்ததும் நமக்கு ஆசை வரும். தொட்டுப் பார்க்கலாமா, தோளில் கை போட்டுப் படம் எடுக்கலாமா என்று.

நம் சேலம், நாமக்கல் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதில் பதில் ஏற்கெனவே தெரியும். துரியோதனன் வேடம் கட்டி உட்கார்ந்திருப்பவரின் கிரீடத்தை யாராவது இழுத்துப் பார்ப்பார்களா? புஜக்கட்டையைத் தட்டிப் பார்ப்பார்களா? ஊரே அடிக்க வரும். வேடம் கட்டியவருக்கு நாம் கொடுத்த மரியாதை அது. அதே மரியாதையை அட்டைக் கவசம் போட்ட கல்லூரிப் பெண்ணுக்கும் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான்.

2014-ல் நியூயார்க் காமிக் கானில் வாசலிலேயே பெரிய பலகை வைத்தார்கள். வேடம் போட்டிருப்பது சம்மதம் கொடுத்ததாக ஆகாது என்று அதன் பொருள். அப்படி எழுதி வைக்கவேண்டிய நிலைமை வந்தது என்றால், அதற்குமுன் எத்தனை பெண்கள் எவ்வளவு பொறுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊரிலும் 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் இசை நிகழ்ச்சியில் டிக்கெட் வாங்கியவர்கள் பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் தங்களிடம் அத்துமீறினார்கள் என்று பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். பாட்டுக் கேட்க வந்த பெண் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனால், அது அந்தப் பாட்டுக்கே அவமானம்.

படம் எடுக்கும் முன் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் "சரிங்க" என்று நகருங்கள், காரணம் கேட்காதீர்கள். சாப்பிடும்போதும் முகம் துடைக்கும்போதும் எடுக்காதீர்கள். நடைபாதையை மறித்து எடுக்காதீர்கள். உங்கள் எட்டு பேரில் ஒருவன் அத்துமீறினால் மீதி ஏழு பேரும் அவனைத் தடுக்கவேண்டும். சிரித்துக்கொண்டு நின்றால் எட்டு பேரும் செய்ததாகத்தான் கணக்கு.

சின்னச் சின்ன விஷயங்கள்

வெளிநாட்டு ரசிகர்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஐந்து, இரண்டு, ஒன்று. மாநாடு நடக்கும் ஒவ்வொரு நாளும் குறைந்தது ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளை சாப்பாடு, ஒரு குளியல். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ராத்திரி பஸ்ஸில் வந்து, பல் மட்டும் துலக்கி, சென்னை வெயிலில் ஃபோம் கவசத்தை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறவனுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்த 'ஒன்று' எவ்வளவு பெரிய எண் என்று தெரியும். தண்ணீர் பாட்டிலும் கையில் இருக்கட்டும்.

ஓவியர் கடை போட்டிருப்பார். பார்த்துவிட்டு வாங்காமல் போவதில் தப்பே இல்லை. "இதுக்கா இவ்வளவு விலை? என் மருமகனே வரைவான்" என்று அவர் காதுபட சொல்வதுதான் தப்பு. ஓசியில் ஒரு படம் வரைந்து தரச் சொல்வதும் தப்பு. பம்ப் கம்பெனிக்கு வந்து, "பார்க்கத்தான் வந்தோம், ஒரு மோட்டார் கொடுங்க" என்று யாரும் கேட்பதில்லையே.

பழைய காமிக்ஸ் இதழ்களை யாராவது நம்பிக் கையில் கொடுத்தால், வடை தின்ற கையோடு தொடாதீர்கள். அந்தக் காலத்துத் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். புதுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் விடுவதை ரசிகத் தொண்டு என்று நினைக்காதீர்கள். சிறு பதிப்பகத்துக்கு ஒவ்வொரு பிரதியும் கணக்கு. கதையின் முடிவைப் படிக்காதவன் முன்னால் உடைக்காதீர்கள்.

முக்கியமாக இன்னொன்று. புதிதாக வந்தவரைப் பரீட்சை வைக்காதீர்கள். "டெக்ஸ் பிடிக்குமா? சரி, முதல் கதை எது சொல்லு பார்ப்போம்?" என்று மடக்குகிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. பெண்களாக இருந்தால் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள். டோக்கியோ காமிக்கெட்டில் ஒரு நல்ல கொள்கை உண்டு. அங்கே வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. விற்கிறவர், வாங்குகிறவர், வாசலில் வரிசையை ஒழுங்கு செய்கிறவர், எல்லோருமே பங்கேற்பவர்கள்தான். லட்சக்கணக்கான பேர் வரிசையில் நின்று போகிற இடம் அது. வரிசை தன்னுடையது என்று ஒவ்வொருவரும் நினைப்பதால்தான் அது நிற்கிறது.

மைக்

கடைசியாக, நான் சிரிப்பை நிறுத்திய விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் எனக்கு ஒரு அண்ணன் உண்டு. கூடப் பிறந்தவர் இல்லை, ஊர் முறையில் அண்ணன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மிளகும் வாழைத்தாரும் கொண்டுபோய்க் கீழே விற்றுவிட்டு வருவார். வரும்போது பழைய பேப்பர் கடையிலிருந்து காமிக்ஸ் புத்தகம் எடைக்கு வாங்கி வருவார். திண்ணையில் அவர் படிப்பார், பக்கத்தில் உட்கார்ந்து நானும் படிப்பேன். இரும்புக்கையில் மின்சாரம் பாய்ந்ததும் மாயாவி மறைந்துபோவானே, அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்கு மின்சாரம் என்றாலே ஆசை வந்தது. நான் இன்ஜினியர் ஆனதில் அந்தத் திண்ணைக்கும் பங்கு உண்டு.

வேலைக்குப் போய் சில வருஷம் கழித்து, ஒரு ஊரில் காமிக்ஸ் வாசகர் சந்திப்பு நடந்தது. அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளை வேட்டி கட்டி, காலையில் முதல் பஸ் பிடித்து வந்தார். கூட்டத்தில் ஐம்பது அறுபது பேர் இருப்போம். கடைசியில் வாசகர்கள் பேசலாம் என்று மைக்கைக் கொடுத்தார்கள். மைக் என் கைக்கு வந்தது.

நண்பர்களே, நான் விடவே இல்லை. எந்த வருஷம் எந்த இதழ், மொழிபெயர்ப்பில் எங்கே பிழை, அட்டை எப்படி இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். கேள்வி என்று தொடங்கியது சொற்பொழிவு ஆகிவிட்டது. இரண்டு பேர் கை தட்டினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. நான் முடித்தபோது, மண்டபத்தைக் காலி செய்யும் நேரம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். அண்ணன் பாதி தூக்கிய கையை இறக்கிக்கொண்டிருந்தார். நான் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மூன்று தடவை கை தூக்கியதாகப் பக்கத்தில் இருந்தவர் பிறகு சொன்னார்.

திரும்பி வரும்போது, காரவள்ளி தாண்டி பஸ் வளைவு ஏறிக்கொண்டிருந்தது. "என்னண்ணா பேசணும்னு நெனச்சீங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல தம்பி, சின்ன விசயம்தான்" என்றார். வற்புறுத்திக் கேட்டேன். அப்புறம் சொன்னார்.

"அஞ்சாவதோட நின்னுட்டேன் இல்ல? பத்து வருசத்துல எழுத்தெல்லாம் மறந்து போச்சு. பஸ் போர்டுகூடப் படிக்க வராது. இந்தப் புத்தகத்துல படத்தைப் பார்த்தா என்ன பேசியிருப்பான்னு தெரியும். அப்பறம் எழுத்தைப் பார்ப்பேன். அப்படியே ஒவ்வொண்ணா திரும்பி வந்துச்சு. இன்னைக்குப் பத்திரமும் படிப்பேன், பேங்க் பாரமும் எழுதுவேன். அதைச் சொல்லி ஒரு கும்பிடு போட்டுட்டு வரலாம்னுதான்."

அன்று அந்த மண்டபத்தில் பேசப்பட்ட எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, அண்ணன் பேசாமல் வந்த இந்த நாலு வரியை மறு தட்டில் வைத்தால், எந்தத் தட்டு இறங்கும்? புத்தகம் போடுகிறவர்கள் வாழ்நாளெல்லாம் காத்திருக்கிற வார்த்தை அது. அதை அவர்கள் காதில் விழாமல் செய்தவன் நான். என்னைக் கூட்டத்தில் யாரும் திட்டவில்லை. நான் யாரையும் தள்ளவில்லை, தொடவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. ஆனாலும் நான் செய்தது நெரிசல்தான். பேச்சால் இடத்தை அடைத்துவிட்டேன்.

அடுத்த வருஷமும் அவரைக் கூப்பிட்டேன். "நீ போய்ட்டு வா தம்பி. அதெல்லாம் படிச்சவங்க பேசற எடம்" என்றார். என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்பிச் சொன்னார். அதுதான் எனக்கு இன்றுவரை வலிக்கிறது. எழுத்தை அவருக்குத் திருப்பிக் கொடுத்த புத்தகத்தின் கூட்டத்தில், 'இது உன் இடம் இல்லை' என்று அவருக்கு நான் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

அதிலிருந்து எனக்கு நானே மூன்று விதி வைத்திருக்கிறேன். மைக் வந்தால் ஒரே ஒரு கேள்வி. அரை நிமிஷம். முடித்ததும், இதுவரை பேசாத ஒருவரைத் தேடி அவர் கையில் கொடுப்பது. தானாகக் கேட்டு வாங்குகிறவருக்கு மைக் எப்படியும் போய்விடும். பின்வரிசையில் பாதி கை தூக்குகிறவருக்கு யாராவது கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.

மாணவத் தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். ரசிகர் கூட்டத்தில் மரியாதை என்பது, நமக்கு எவ்வளவு பிடிக்குமோ அதே அளவு பக்கத்தில் இருப்பவனுக்கும் பிடிக்கும் என்று நம்புவது. நிற்க இடம், மூச்சுக்கு இடம், பேச இடம். இந்த மூன்றையும் அடுத்தவருக்கு விட்டுக் கொடுங்கள்.

யோசித்துப் பார்த்தால் இன்று இங்கே நடப்பதும் ஒரு ரசிகர் மாநாடுதான். இந்தக் கல்லூரியின் ரசிகர்கள் நாம். பெரிய பதவியில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் எப்படியும் மேடைக்கு வந்துவிடுவார்கள். பின்வரிசையில், சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவர், படிப்பை முடிக்காமல் நின்றவர், வேலை கிடைக்காமல் கூச்சத்தோடு வந்திருப்பவர் எல்லாம் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தக் கல்லூரியிடம் சொல்ல ஒரு நாலு வரி இருக்கும்.

வரும் ஆகஸ்டு மாதம் ஈரோட்டுக்கு அண்ணனை மறுபடியும் கூப்பிட்டிருக்கிறேன். "பார்க்கலாம்" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. வந்தால், அன்று மைக்கை வாங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே போய் டீ குடிக்கப் போகிறேன். பக்கத்தில் நின்றால் எடுத்துக் கொடுக்கிறேன் பேர்வழி என்று நானே பேசிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இருபது நிமிஷம் ஆகிவிட்டது. இவ்வளவு நேரம் பேசிவிட்டு, நானே இன்னும் நீட்டினால் நன்றாக இருக்காது. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் நீல நிறச் சட்டை போட்ட ஒரு ஐயா வெகு நேரமாக ஏதோ சொல்லவேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த மைக்கை அவரிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.